பத்து நொடிச் சிறுவாடு

இறுவட்டு எனப்படும் சீடியைக் கையோடு கொண்டுசென்று கேட்கும் வழக்கம் சோனி நிறுவனம் 1984இல் வெளியிட்ட டி-50 என்ற கருவியோடு பரவத் தொடங்கியது. ஆயினும் கொண்டுசெல்வதற்கென்றே பிறந்த அக்கருவி கொண்டுசென்றால் ஒழுங்காகப் பாடாது என்ற முரண்பாட்டை அதன் அபிமானிகள் பல ஆண்டுகள் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டனர். தட்டின் உள்ளிருந்து வெளிப்புறமாகச் சுருண்டுசெல்லும் தடத்தின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர் தொலைவே உண்டு, அதாவது ஒரு தலைமுடியின் பருமனுக்குள் ஏறத்தாழ 40 சுற்றுகள் அடங்கிவிடும். அத்தடத்தைத் தொடாமலே லேசர் ஒளியால் படிக்கும் வில்லையோ, கேட்பவர் சற்று வீசி நடந்தாலும் நிலைகுலைந்து, பல்லவியில் புறப்பட்ட பாடகரை இரண்டாம் சரணத்தில் இறக்கிவிடும். (கச்சேரித் தட்டுகளில் கற்பனைசுரத்தின் நடுவே இது நேர்ந்தால், வித்துவானின் கணக்கு அபாரம் என்று தலையாட்டிவிடவும் இடமுண்டு.)

இக்குறைக்கு மாற்றாக 1990களில் வந்ததே ஆன்ட்டி-ஸ்கிப் என்னும் தாவல்தடுப்பு. தட்டை வழக்கத்தைவிட வேகமாகச் சுழற்றி, வேண்டியதற்கு மேல் படித்து, மிகுந்ததை ஒரு நினைவகச் சில்லில் சேர்த்துவைப்பதும், லேசர் தடுமாறும்போது அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக் காதுக்கு அனுப்புவதும் அதன் வேலை; வீட்டுச் செலவில் மிச்சம்பிடித்து அரிசிப் பானைக்குள் சிறுவாடு சேர்க்கும் இல்லத்தரசியின் பொருளாதாரமே இது. ஒரு நொடி இசைக்கு ஏறத்தாழ 14 லட்சம் பிட்டுகள் தேவையாதலால், 10 நொடிச் சேமிப்புக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் வேண்டும். பிற்பாடு மூடியில் பெருமையோடு பொறிக்கப்பட்ட 40 நொடிகளோ, ஒலியைச் சுருக்கி அடைத்ததால் கிடைத்த பெருக்கமாகவே பெரும்பாலும் இருந்தன.

இக்கருவியின் தகுதியை எடைபோட மொன்றியல் நகரின் டவுன்டவுனைவிடப் பொருத்தமான களம் அரிது. 1966இல் திறக்கப்பட்ட அந்நகரின் மெட்ரோ முழுவதும் நிலத்தடியில், கொங்கிறீற் பாதைமீது ரப்பர் சக்கரங்களால் ஓடுவதாகையால், பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து வரும் தமிழர் தம் தட்டைப் பெரிய குலுக்கலின்றிக் கேட்கலாம். 1970களில் செய்யப்பட்ட வண்டிகள் புறப்படும்போது மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி விடும் கருவியிலிருந்து மூன்று சுரங்கள் எழுவதால், எந்தப் பாட்டுக்கும் அழையாத பக்கவாத்தியம் ஒன்று கிடைத்தது மட்டுமே குறை. கோட்-டே-நேஜிலிருந்து 165ஆம் இலக்கப் பேருந்தில் மலைச்சரிவு வழியே கீ-கொன்கோடியா நிலையத்துக்கு இறங்குபவரின் நிலை வேறு. உறைபனி உருகும் மார்ச் மாதத்தில், நீர் புகுந்து உறைந்து விரிந்த பிளவுகளெல்லாம் வீதிக் குழிகளாகி, பேருந்து இடைவிடாது குலுங்கும்போது சேமிப்பு கரைந்துகொண்டேயிருக்க, குலுக்கல் தொடங்கியது ஓரிடத்திலும் பாட்டு நின்றது வேறோரிடத்திலுமாகி, குற்றமற்ற தெருவொன்று வசவை ஏற்கும். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே 10 நொடியைச் செருகிய இக்கண்டுபிடிப்பு நகராட்சிக்குச் செய்த உதவி எங்கும் பதிவாகவில்லை.

ஜனவரியில் சென்ட் கேத்தரின் வீதியில் நடப்பவருக்கோ தாவல்தடுப்பே வேண்டியதில்லை, ஏனெனில் பனிக்கட்டியில் வழுக்கிவிழாதிருக்க அடிமேல் அடியாக, பாதத்தைத் தட்டையாக ஊன்றி நடக்கும் நடை, லேசருக்கும் இடுப்பெலும்புக்கும் ஒருசேர உகந்தது. அங்கே வந்த இடர் வேறு: சுழியத்துக்குக் கீழ் 20 பாகை வரை இறங்கிய குளிரில் மின்கலம் சோர்ந்து, திரையின் எண்கள் சோம்பல் முறித்து மாற, நடப்பவர் பீல் சந்தியில் எச்எம்வி இசைக்கடைக்குள்ளோ, 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நிலத்தடி நடைபாதைகளுக்குள்ளோ புகுந்ததும், வெதுவெதுப்பான காற்றின் ஈரம் குளிர்ந்த வில்லைமீது படிந்து கருவி குருடாகிவிடும். ஈரம் உலரும்வரை காத்திருக்க வேண்டுமென்று கையேடு அறிவுறுத்தியது. குளிருக்கு ஒதுங்கி உள்ளே வந்தவரைக் கடைக்குள் நிறுத்திவைத்து மேலும் இரண்டு தட்டுகள் வாங்கவைக்க இதைவிடச் சிறந்த வணிக உத்தியை எவரும் வகுத்ததில்லை.

இன்று கைப்பேசியும் இணையப் பாடலை முன்கூட்டியே இழுத்துச் சேமித்துத்தான் ஒலிக்கிறது எனினும், அதைப் பொன்னெழுத்தில் பொறித்துக்கொள்ளும் அடக்கமின்மை அதற்கில்லை. பழைய கருவியிலோ அப்பெருமைக்கு ஒரு விலையும் இருந்தது: கூடுதல் சுழற்சியும் சில்லும் மின்கலத்தை விரைந்து தின்றதால், பல மாதிரிகளில் தாவல்தடுப்பை நிறுத்திவைக்க ஒரு பொத்தானும் வைத்திருந்தனர். ஆகவே 40 நொடிக்கென்று மேலதிக டொலர் கொடுத்து வாங்கியவர்களுள் சிக்கனம் அறிந்தோர், இரண்டு மின்கலங்களின் ஆயுளை எண்ணி அப்பொத்தானை அணைத்துவிட்டு, கருவியைக் கிடைமட்டமாக ஏந்தியபடி மெல்ல நடந்தனர்.