பொழுதுபோக்குக்குத் தடையின்மைச் சான்று கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்
சொந்த ஊருக்கு மாறுதல் பெற்ற உதவியாளர்,
புதுக்கோட்டை.

பெறுநர்
உயர்திரு பணியமைப்புப் பிரிவு அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: பணியமைப்பு – சொந்த ஊரில் பணியேற்றது – மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் – பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளத் தடையின்மைச் சான்று கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் மாறுதல் ஆணை. 2. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973. 3. என் மனைவியின் வாய்மொழி ஆணை: "வீட்டுக்கு வந்தும் ஃபோனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க."

ஐயா,

பார்வை 1-ல் கண்ட ஆணைப்படி புதுக்கோட்டையில் பணியேற்றுவிட்டேன் என்பதைப் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன். நான் வேலைக்காக ஊரைவிட்டுப் போனபோது இது நகராட்சி. திரும்பி வந்து பார்த்தால் மாநகராட்சி. 1912-ல் நகராட்சியான ஊருக்கு 2024-ல்தான் அடுத்த பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. ஊருக்கே நூற்றுப் பன்னிரண்டு வருஷம் பிடித்திருக்கும்போது, என் பெயர் கிடக்கும் பதவி உயர்வுப் பட்டியலைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் கேட்பதாக இல்லை. அதற்குத் தனிக் கடிதம் போடுகிறேன்.

மாறுதல் தந்ததற்கு முதலில் நன்றி. கலந்தாய்வில் முறைப்படி கிடைத்த இடம் என்று நான் சொல்வதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. "சொந்த ஊருக்கே வாங்கிட்டியாமே, எவ்வளவு ஆச்சு?" என்றார் பெரியப்பா. ஒரு பைசா ஆகவில்லை என்றேன். "சொல்ல இஷ்டமில்லேன்னா விடுப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம் துறையின் நேர்மையை இந்த அளவுக்குத்தான் என்னால் நிலைநாட்ட முடிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முன்பு இருந்த ஊரில் நான் 'வெளியூர் சார்'. சாயங்காலம் ஆனால் "சாருக்கு பஸ் போயிடும்" என்று நாலு பேர் பரிந்து பேசி அனுப்பிவைப்பார்கள். பஸ்ஸே பிடிக்காமல் நாலு தெரு தள்ளியிருந்த அறைக்கு நடந்து போவேன் என்பது வேறு விஷயம். இங்கே நிலைமை தலைகீழ். திருச்சியிலிருந்து தினமும் வந்துபோகும் நண்பர் பையைத் தூக்கியதும் அவர் மேசையில் இருந்த கோப்பு என் மேசைக்கு நகரும். கேட்டால் ஒரே பதில்: "உங்களுக்கென்ன, சொந்த ஊர்தானே." சனிக்கிழமை ஏட்டில் விடுமுறை, நடப்பில் ஆய்வுக் கூட்டம். ஞாயிறு காலை வாட்ஸ்அப் குழுவில் 'மிக அவசரம்' என்று ஒரு படிவம் வந்து விழும். நிரப்புவது யார்? சொந்த ஊர்க்காரன்.

அலுவலகம் விட்டாலும் ஊர் விடுவதில்லை. திவான் சேஷையா சாஸ்திரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊரின் வீதிகளை நூல் பிடித்த மாதிரி நேராக்கி அகலமாகவும் போட்டார் என்று பெருமையாகச் சொல்வார்கள். கீழ ராஜ வீதி, கீழ இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண் போட்டு வழிதவற முடியாத ஊர். நகரமைப்பு வல்லுநர்கள் மெச்சட்டும். எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. வீதி நேராக இருந்தால் அந்தக் கோடியில் வரும் மாமா இந்தக் கோடியில் நிற்கும் என்னைப் பார்த்துவிடுகிறார். வளைவு நெளிவான ஊராக இருந்தால் ஒரு சந்தில் ஒதுங்கலாம். பார்த்த மாமா சும்மா போவதில்லை, பையிலிருந்து பத்திரிகையை எடுக்கிறார். காதுகுத்து, புதுமனை புகுவிழா, பூப்பு நீராட்டு. "வெளியூர்ல இருந்தப்ப வரலை, சரி. இப்ப சொந்த ஊர்தானே."

ஆடி பிறந்தால் இன்னும் விசேஷம். என் மனைவியின் ஊர் கீரமங்கலம் பக்கம். அந்த வட்டாரத்து மொய் விருந்தைப் பற்றிச் சென்னையில் இருக்கும் தங்களுக்குச் செய்தித்தாள் வழியாகத் தெரிந்திருக்கும். பல பேர் சேர்ந்து ஒரே பத்திரிகை அடித்து, ஒரே பந்தலில் கிடா விருந்து போட்டு, ஆளுக்கொரு நோட்டுடன் தனித்தனி மேசையில் உட்கார்ந்து மொய் வாங்குவார்கள். நோட்டு எண்ணும் இயந்திரம்வரை வந்துவிட்டது. வாங்கிய தொகையை, மொய் போட்டவர் விருந்து வைக்கும்போது, கூடக் கொஞ்சம் சேர்த்துத் திருப்பியாக வேண்டும். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஈடு, ஜாமீன் கேட்காமல், அலைய விடாமல், கையெழுத்தே இல்லாமல் லட்சக்கணக்கில் கடன் கொடுக்கும் ஏற்பாடு வேறெங்கே இருக்கிறது? 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது இந்த நோட்டுகளும் சேர்ந்துதான் ஆடிப்போயின. என் கோரிக்கை சிறியது. ஆடி, ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மொய் எழுதப் போவதை ஓ.டி.யாகக் கருத ஆணையிட வேண்டும். பயணப்படி வேண்டாம்.

இதற்கிடையில் மருத்துவர் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொல்ல, நடக்கத் தொடங்கினேன். புதுக்குளத்துக் கரையில் விடியற்காலை நடை. அங்கே போனால் ஓய்வுபெற்ற அதிகாரிகள் அணிவகுத்து நடக்கிறார்கள். அகவிலைப்படி நிலுவை, பழைய ஓய்வூதியம், எந்த வருஷம் எந்தக் கோப்பில் யார் என்ன குறிப்பு எழுதினார் என்று பேச்சு போகிறது. ஒருவர் என்னை நிறுத்தி, தன் காலத்தில் திறந்த ஒரு கோப்பு இன்னும் முடிவடையவில்லையா என்று கேட்டார். அது என் மேசையில்தான் இருக்கிறது. மறுநாளிலிருந்து நடையை மொட்டைமாடிக்கு மாற்றிக்கொண்டேன்.

ஆகவேதான் பொழுதுபோக்கு.

முதலில் பாறைகளைப் பிடித்தேன். புதுக்கோட்டைக்காரன் சித்தன்னவாசலை வாழ்நாளில் இரண்டு தடவை பார்ப்பான். பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவை, சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகையில் ஒரு தடவை. எந்தக் காரணமும் இல்லாமல் தனியாகப் போனவன் அநேகமாக நான்தான் என்பதுபோல வாசலில் நுழைவுச்சீட்டு கொடுப்பவர் பார்த்தார். அறிவர் கோயில் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைக் குளம். மீன், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். பல இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது, மிச்சமிருப்பதைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது குன்றின் மறுபக்கத்து ஏழடிப்பட்டம். சமணத் துறவிகளுக்காகப் பாறையிலேயே செதுக்கிய பதினேழு படுக்கைகள், தலைமாட்டில் கல்லையே சற்று உயர்த்தித் தலையணை, பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்து. வாடகைப் பிடித்தம் இல்லாத குடியிருப்பு ஒதுக்கீடு நம் மாவட்டத்தில் அதற்குப் பிறகு நடந்ததாகத் தெரியவில்லை.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது கைபேசி அடித்தது. மேலதிகாரி.

"எங்க இருக்கீங்க?"

"ஏழடிப்பட்டத்துல சார்."

"அது எந்தத் தாலுகா? அங்க என்ன ஆய்வு? யாரு போகச் சொன்னா?"

சும்மா பார்க்க வந்தேன் என்றேன். சற்று மௌனம். பிறகு, "சொந்த ஊர்தானே, அங்க பார்க்க என்ன இருக்கு? அப்படியே ஒரு எட்டு ஆபீஸ் வந்துட்டுப் போங்க" என்றார்.

அவர் கேட்டதற்கு எழுத்துமூலம் பதில் தர விரும்புகிறேன். நார்த்தாமலையில் வட்டக் கருவறையோடு விஜயாலய சோழீச்சுரம் இருக்கிறது. குடுமியான்மலையில் இசையையே கல்லில் எழுதிவைத்த கல்வெட்டு, கிரந்த எழுத்தில் ஏழு பிரிவாக இருக்கிறது. கொடும்பாளூரில் மூவர் கோயில், அதில் மூன்றில் இரண்டுதான் இப்போது நிற்கிறது. விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைக்கிறார்கள். ஊருக்கு மிக அருகே, பொற்பனைக்கோட்டையில் 2023-ல் மாநிலத் தொல்லியல் துறை சங்ககாலக் கோட்டைக்குள் குழி வெட்டித் தேடத் தொடங்கியது. திருக்கோகர்ணத்தில் 1910-லிருந்து அருங்காட்சியகம் இருக்கிறது. அது நாம் அலுவலகம் போகும் நேரத்துக்குத் திறந்து, நாம் வீடு திரும்புவதற்குள் மூடிவிடும். ஆகவே ஞாயிறு ஒன்றுதான் வழி. ஞாயிற்றின் கதையை மேலே தெரிவித்திருக்கிறேன்.

இப்போது கோரிக்கையின் மையத்துக்கு வருகிறேன். நான் கஞ்சிரா கற்றுக்கொள்கிறேன்.

இந்த வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. மாமுண்டியா பிள்ளை என்றும் எழுதுவார்கள். அவர் அரண்மனையில் விளக்கேற்றும் ஊழியராக இருந்தவர் என்று இசை உலகில் வழிவழியாகச் சொல்கிறார்கள். பொழுது சாய்ந்தால் விளக்கு, மிச்ச நேரத்தில் தாளம். அவர் வழியில் தட்சிணாமூர்த்தி பிள்ளை வந்தார். தாள வாத்தியத்தில் புதுக்கோட்டைப் பாணி என்றே ஒன்று உருவானது. நம் பிரிவின் கவனத்துக்கு நான் வைக்கும் முன்னுதாரணம் இதுதான். ஒரு கடைநிலை ஊழியர், பணி நேரத்துக்கு வெளியே, யாரிடமும் தடையின்மைச் சான்று கேட்காமல் செய்த காரியம். அவர் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என்னைவிடத் தாங்கள் நன்கு அறிவீர்கள். விளக்கேற்றும் பணிக்குக் குந்தகம் நேருமா என்று விளக்கம் கேட்கப்பட்டிருக்கும்.

கஞ்சிரா பார்க்கச் சிறியது, உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிது. பலா மரத்து வளையம், அதில் ஒரே ஒரு துளை, துளைக்குள் சலங்கைக்குப் பதில் சின்ன உலோக வட்டுகள். பழைய காசுகளையே கோப்பதும் உண்டு. நம் ஊர் சமஸ்தானத்து அம்மன் காசைக் கோக்கலாமா என்று கேட்டதற்கு வாத்தியார் முறைத்தார். தோலுக்கு முன்பு உடும்பைத் தேடுவார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதை அனுமதிக்காது. எனவே என்னுடையது ஆட்டுத்தோல் என்பதை உறுதி கூறுகிறேன், வேண்டுமானால் சான்றொப்பம் பெற்று அனுப்புகிறேன்.

முதல் பாடமே தண்ணீர்தான். தோலின் உள்பக்கம் சில சொட்டுத் தெளித்து, விரலால் பரப்பி, காத்திருக்க வேண்டும். காய்ந்த தோலைத் தட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டிய சத்தம். ஈரம் இறங்க இறங்க நாதம் தாழ்ந்து வரும். இடது கை வளையத்தைப் பிடித்தபடியே தோலை ஓரத்தில் அழுத்தினால் ஒலி குழைகிறது. எனக்கு இன்னும் குழையவில்லை. "அவசரப்படாதீங்க சார், தோல் இறங்க நேரமாகும்" என்கிறார் வாத்தியார். 'மிக அவசரம்' என்று தலைப்பிடாத ஒரு சொல்லைப் பல வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்துதான் கேட்டேன். அங்கே நான் உதவியாளரும் இல்லை, இன்னாருடைய மருமகனும் இல்லை. தாளம் தப்புகிற ஒரு மாணவன், அவ்வளவுதான். சொந்த ஊரில் எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே வெளியூர் வாத்தியார் வீட்டுத் திண்ணை.

பார்வை 2-ல் கண்ட விதிகளைப் புரட்டினேன். நிலம் வாங்கினால் தெரிவிக்க வேண்டும், வெளிநாடு போக அனுமதி வேண்டும், வியாபாரம் கூடாது. தோல் வாத்தியம் பற்றி என் கண்ணில் எதுவும் படவில்லை. விதியில் இல்லாததால்தான் அச்சம். விதியில் இல்லாத எதையும் நம் அலுவலகம் தடை என்றே எடுத்துக்கொள்ளும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில், இதே அரசு இயந்திரம், அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் ஓர் அங்கமாகவே ஆக்கினார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அந்தக் கட்டுரை எட்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. இந்திப் புத்தகத்தில் பல வருஷம் பாடமாக இருந்தது. புதுக்கோட்டைப் பெண்ணின் சைக்கிளை வடநாட்டுப் பிள்ளைகள் இந்தியில் படித்தார்கள், நம் பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது. லேடீஸ் சைக்கிள் போதாமல் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்களாம். அதன் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பது அவர்கள் கண்டுபிடித்த வசதி. என் சித்தி அப்படித்தான் என் தம்பியை ஏற்றிக்கொண்டு போவாள். முதலில் தண்ணீர்க் குடத்துக்கும் சந்தைக்கும், பிறகு ஒரு காரியமும் இல்லாமல் சும்மா. அந்தச் 'சும்மா'வுக்கு யாரும் அவளிடம் விளக்கம் கேட்டதில்லை.

எனவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, வேலை நாளில் மாலை ஆறரை முதல் ஏழரை வரை கஞ்சிரா வாசிக்கவும், மாதத்தில் ஒரு ஞாயிறு பாறையில் சும்மா உட்காரவும், அந்த நேரங்களில் கைபேசி எடுக்காமல் இருக்கவும் தடையின்மைச் சான்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வேன். வாத்தியாருக்கு மூன்று மாதச் சம்பளம் முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
உதவியாளர்.

நகல்:
1. பெரியப்பா – தகவலுக்காக. இதற்கும் பணம் எதுவும் கொடுக்கவில்லை.
2. மாடிவீட்டுக்காரர் – மாலை ஒரு மணி நேரம் மட்டும் பொறுத்தருள வேண்டி.