மனசாட்சியாரும் மச்சானும்

சொந்தக் கட்சி நிறுத்திய ஆளை ஆதரிக்க எந்தத் திறமையும் வேண்டாம். கொடியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு போனால் போதும். எதிர்க்கட்சி நிறுத்திய ஆளை, சொந்தக் கட்சியின் கரை வேட்டியைக் கட்டிக்கொண்டே ஆதரிப்பதுதான் கலை. அதிலும் தனக்கு ஓட்டே இல்லாத ஜனாதிபதி தேர்தலில், யாரும் கேட்காமலே, டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து நின்று ஆதரவு அறிவிப்பதென்றால் அதற்குத் தனிப் பிறவி எடுக்க வேண்டும். ஊருக்கு ஒருவர் அப்படிப் பிறக்கிறார். சந்தவாசலில் இருவர் பிறந்துவிட்டார்கள். ஒருவர் மனசாட்சியார். இன்னொருவர் அவருடைய மச்சான்.

மனசாட்சியார் வேட்டியில் கறுப்பு சிவப்புக் கரை. மச்சான் வேட்டியில் நடுவே வெள்ளையும் உண்டு. இருவரும் பட்டுத்தறிக்காரர்கள். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்கித் திரும்புகிற இடம் எங்கள் ஊர். ஆடி வெள்ளிக்கிழமைகளில் நிற்க இடமிருக்காது. இப்போதெல்லாம் ஜனாதிபதி தேர்தலும் ஆடியை ஒட்டியே வருகிறது: 2012-ல் ஜூலை 19, 2017-ல் ஜூலை 17, 2022-ல் ஜூலை 18. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கல்யாணப் பட்டுக்கு அவசரம் கிடையாது. அவசரமில்லாத தறிக்காரருக்கு டெல்லியைப் பற்றிக் கவலைப்பட நேரம் ஏராளம்.

அறிவிப்பு எப்போதும் ஒரே மாதிரிதான் வரும்.

"தோ பார், கட்சி வேற, நாடு வேற. நம்ம கட்சி நிறுத்தன ஆளு நல்லவருதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா என் மனசாட்சி..."

இங்கே நிறுத்தி டீயை ஒரு வாய் உறிஞ்சுவார். கடையே காத்திருக்கும்.

"...ஒத்துக்கல."

"மாமா, உன் மனசாட்சிக்கு ஓட்டு கீதா?" என்று பக்கத்துத் தறி வீட்டுப் பையன் கேட்பான்.

"ஓட்டு இல்லன்னா இன்னாடா? ஆதரவு கூடவா இல்லாம பூடும்?"

ஓட்டு இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. எங்கள் ஊரில் ஜனாதிபதி தேர்தல் கணக்கை அவரைப் போல் அறிந்தவர் கிடையாது. ஓட்டுப் போடுகிறவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்துக்காரருக்கு 208. நம் 234 பேரையும் கூட்டினால் 41,184. இதெல்லாம் 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. எம்.பி.யின் ஓட்டு 2022-ல் 700. எம்.எல்.ஏ.க்கு இளஞ்சிவப்புச் சீட்டு, எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு. 2017 முதல் தேர்தல் ஆணையமே கொடுக்கும் ஊதா மைப் பேனாவால்தான் குறியிட வேண்டும். இத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். போன சேலைக்குக் கூலி எவ்வளவு பாக்கி என்று கேட்டால் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுவார்.

அவருக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. இந்தத் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது. ஓட்டு ரகசியம். மாற்றிப் போட்டாலும் கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயாது. மற்ற நாளெல்லாம் பூட்டி வைத்திருக்கும் கொல்லைக் கதவைச் சட்டமே அன்று ஒரு நாள் திறந்து வைக்கிறது. அந்தக் கதவுக்கு இந்திரா காந்தி 1969-ல் மனசாட்சி என்று பெயர்ப் பலகை மாட்டினார்.

அந்தக் கதையைத் தொடங்கினால் மனசாட்சியாரை நிறுத்த முடியாது. அந்த ஆண்டு மே 3-ம் தேதி ஜாகிர் உசேன் காலமானார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் பெருந்தலைகள் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கினார்கள். இந்திராவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ரெட்டியின் வேட்பு மனுவை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் அவரேதான். துணை ஜனாதிபதியாக இருந்த வி.வி.கிரி பதவியை விட்டுவிட்டுச் சுயேச்சையாக நின்றார். காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா, ரெட்டிக்கு இரண்டாம் விருப்ப ஓட்டுக் கேட்டு ஜனசங்கத்தையும் சுதந்திராக் கட்சியையும் அணுகினார். அவர்களுக்கோ சி.டி.தேஷ்முக் என்று தனி வேட்பாளர். இதையே சாக்காக வைத்து இந்திரா, மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று தன் கட்சிக்காரர்களிடம் சொன்னார். தான் முன்மொழிந்த ஆளைத் தானே கவிழ்த்தார். இப்படி ஒரு நெசவை ஆரணிப் பக்கம் எந்தத் தறியிலும் பார்க்க முடியாது.

தமிழ்நாட்டில் வேடிக்கை இன்னும் அதிகம். 1967-ல் காங்கிரஸைக் கோட்டையிலிருந்து இறக்கிய திமுக, இரண்டே வருஷத்தில் காங்கிரஸ் பிரதமருக்குப் பிடித்த கிரிக்குக் கைகொடுத்தது. காங்கிரஸின் காமராஜரோ காங்கிரஸ் பிரதமருக்கு எதிர்வரிசையில். முதல் சுற்றில் கிரிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்ப ஓட்டுகளையும் எண்ணியபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. ஜெயித்தவர் கிரி. நவம்பரில் இந்திராவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள், காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. தோற்ற ரெட்டி 1977-ல் போட்டியே இல்லாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மனசாட்சியாரின் அப்பா பழைய காங்கிரஸ்காரர். காமராஜர் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கிரிக்கு ஆதரவு சொன்னாராம். குலத்தொழில் அங்கே தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

மச்சான் தனியாக வளர்ந்த கலைஞர் இல்லை. அக்காளை மனசாட்சியாருக்குக் கட்டிக்கொடுத்த பிறகு, மாமன் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிரே நிற்பது என்று விரதம் எடுத்தவர். மாமன் தன் கட்சிக்கு எதிராகப் பேசினால் இவரும் தன் கட்சிக்கு எதிராகப் பேசியாக வேண்டும், வேறு வழியில்லை. 2012-ல் திமுக பிரணாப் முகர்ஜி பக்கம், அதிமுக சங்மா பக்கம். எனவே மனசாட்சியார் சங்மாவை ஆதரித்தார், மச்சான் பிரணாபை. 2017-ல் திமுக மீரா குமார் பக்கம், அதிமுக ராம்நாத் கோவிந்த் பக்கம். மனசாட்சியார் கோவிந்துக்கு மாறினார், மச்சான் மீரா குமாருக்கு. கங்கா-ஜமுனா சேலை மாதிரி: ஒரு கரை பச்சை, மறுகரை அரக்கு, திருப்பிக் கட்டினால் வேறு சேலை, நெய்த நூல் மட்டும் அதேதான். இருவரும் வீட்டிலேயே இருந்திருந்தாலும் சந்தவாசலின் நிகர ஆதரவில் ஒரு மயிரிழை மாற்றம் வந்திருக்காது.

அவர்களுக்குச் சோதனை வந்தது 2002-ல்தான். அப்துல் கலாமைப் பாரதிய ஜனதா கூட்டணி நிறுத்தியது. திமுக ஆதரவு. அதிமுக ஆதரவு. காங்கிரஸும் ஆதரவு. கட்சியை எதிர்த்து ஆதரிக்க ஆள் வேண்டுமே! இடதுசாரிகள் மட்டும் கேப்டன் லட்சுமியை நிறுத்தியிருந்தார்கள். சென்னையில் பிறந்த டாக்டர், நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர். மாமனும் மச்சானும் தனித்தனியே யோசித்து, ஒரே நாளில் கடைக்கு வந்து, இருவருமே லட்சுமி அம்மாவுக்கு ஆதரவு அறிவித்தார்கள். ஒரே பக்கத்தில் நின்றதும் பேச்சுக்கு வழியில்லை. அந்த ஆடி முழுக்கக் கடையில் சத்தமே இல்லை, டீ விற்பனையும் படுத்துவிட்டது. கலாம் 9,22,884, லட்சுமி 1,07,366. வித்தியாசத்தைப் பார்த்த பிறகும் மனசாட்சியார் அசரவில்லை. "மனசாட்சிக்குத் தோல்வியே கெடையாது" என்றார். ஆதரித்த ஆள் ஜெயித்தாலோ, "நாம சொன்னது டெல்லி வரைக்கும் போயிருக்குது பார்" என்பார்.

2022 வேறு மாதிரிச் சிக்கல். திரௌபதி முர்முவை ஆதரிக்க மனசாட்சியாருக்குக் காரணம் மேற்கே நின்றது. "நம்ம ஜவ்வாது மலையில கீறவங்களும் பழங்குடிதானே" என்றார். சரியான வாதம்தான், நானே தலையாட்டினேன். மச்சான்தான் மாட்டிக்கொண்டார். எதிர்க்கட்சிகளின் வேட்பாளர் யஷ்வந்த் சின்ஹா, வாஜ்பாய் அமைச்சரவையில் இருந்த பழைய பாரதிய ஜனதாக்காரர். எந்தப் பக்கம் குதித்தாலும் விழுகிற இடம் ஒன்றுதான் என்று அவருக்குப் புரியவே ஒரு வாரம் ஆனது.

2025 செப்டம்பர் 9 அன்று நடந்த துணை ஜனாதிபதி தேர்தலிலும் இவர்கள் சும்மா இருக்கவில்லை. திருப்பூர்க்காரர் சி.பி.ராதாகிருஷ்ணனைத் தமிழர் என்று மனசாட்சியார் தூக்கிப் பிடித்தார், திமுக முன்னாள் நீதிபதி சுதர்சன் ரெட்டி பக்கம் இருந்ததால். மச்சானுக்கு உடனே நீதித்துறை மேல் பக்தி வந்துவிட்டது. முடிவு 452-க்கு 300, செல்லாத ஓட்டு 15. அந்தப் பதினைந்தைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசுகிறார்கள்.

செல்லாத ஓட்டு என்றால் மனசாட்சியார் கைகூப்புவது முலாயம் சிங் யாதவை நோக்கி. 2012-ல் பிரணாபை ஆதரித்த முலாயம், சீட்டில் முதலில் சங்மாவுக்குக் குறியிட்டுவிட்டார். தவறை உணர்ந்து சீட்டைக் கிழித்து, வேறு வாங்கிப் பிரணாபுக்குப் போட்டார். தேர்தல் ஆணையம் அந்த ஓட்டைச் செல்லாது என்றது. கட்சிக்கு ஒன்று, மனசாட்சிக்கு ஒன்று என இரண்டு சீட்டு வாங்கிய ஒரே மகான் என்பது எங்கள் ஊர்த் தீர்ப்பு.

வெளியூர் உதாரணங்களும் அவரிடம் உண்டு. 2014 நவம்பரில் இலங்கையில் மைத்திரிபால சிறிசேன முதல் நாள் இரவு மகிந்த ராஜபக்சவோடு உட்கார்ந்து அப்பம் சாப்பிட்டார். மறுநாள் அவரையே எதிர்த்து வேட்பாளரானார். எதிர்க்கட்சித் தலைவர் ரணில் தன் கட்சியில் ஆளை நிறுத்தாமல் ஆளுங்கட்சிப் பொதுச் செயலாளரையே ஆதரித்தார், ஜனவரியில் ஜெயித்தும் விட்டார்கள். 2024-ல் குடியரசுக் கட்சியின் பழைய துணை ஜனாதிபதி டிக் சேனி, கமலா ஹாரிஸுக்கே என் ஓட்டு என்றார். மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் கமலாவுக்காகப் பூஜையே நடந்தது. சேனியும் பூஜையும் சேர்ந்தும் கமலா தோற்றார். "நம்மள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்று மட்டும் மனசாட்சியார் சொன்னார்.

சேனி, நிதிஷ் குமார் போன்றவர்களையும் இவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. 2017-ல் பீகாரில் லாலுவோடும் காங்கிரஸோடும் கூட்டணியில் இருந்துகொண்டே நிதிஷ் கோவிந்தை ஆதரித்தார். ஜூலை 20-ல் கோவிந்த் ஜெயித்தார். 26-ல் நிதிஷ் ராஜினாமா செய்தார், 27-ல் பாரதிய ஜனதா துணையோடு மறுபடியும் முதல்வரானார். நாற்காலி கிடைத்த மனசாட்சி அது. எங்கள் ஆளுக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்தது டீ மட்டும், அதற்கும் அவரே காசு கொடுத்தார்.

ஆனால் இந்த மனசாட்சிக்கு ஒரு எல்லை உண்டு. கூட்டுறவுச் சங்கத் தேர்தல் வந்தால் அது ஊரில் இருக்காது. பட்டு நூலும் ஜரிகையும் சங்கத்திலிருந்து வர வேண்டும். பாவு தாமதமானால் தறி தூங்கும், கூலி வராது. அன்று மாமனும் மச்சானும் வாய் திறக்காமல் அவரவர் கட்சி நீட்டிய பெயருக்குக் குத்திவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஊராட்சித் தேர்தலிலும் அப்படித்தான். தெரு விளக்கும் குடிநீர்க் குழாயும் போடுகிறவரிடம் யாராவது மனசாட்சி பேசுவார்களா?

முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலை 24-ல் முடிகிறது. வேட்பாளர்கள் யார் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. யாராக இருந்தாலும் அவருக்குச் சந்தவாசலில் ஓர் ஆதரவும் ஓர் எதிர்ப்பும் உறுதி. இரண்டையும் கழித்துவிட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.