இன்றே கடைசி, 999 ரூபாய்

"தறியிலிருந்து நேரடியாக! ஒரிஜினல் காஞ்சிபுரம் பட்டு, 999 ரூபாய். இன்றே கடைசி!" போனில் மாதக்கணக்காக இன்றே கடைசியாக இருக்கும் விளம்பரம் இது. பின்னால் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம். முன்னால் தறியில் ஒரு பெரியவர், நெற்றி நிறையத் திருநீறு. படத்தைப் போட விளம்பரக்காரன் அவரிடம் கேட்டிருப்பான் என்றா நினைக்கிறீர்கள்?

ஒரு கோர்வைப் புடவை தறியிலிருந்து இறங்கப் பதினைந்து நாளாவது ஆகும். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் இரண்டு நாடா, கூடவே இன்னொரு ஆள். பட்டும் ஜரிகையும் இலவசம் என்றே வையுங்கள். 999 ரூபாயைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய். நெசவாளர்கள் வாழும் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அதற்கு இரண்டு டீ வரும். மூன்றாவதுக்குக் கடன் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு வாங்குகிறவருக்கும் தெரியும். தெரிந்துதான் பட்டனை அமுக்குகிறார்.

"சில்க் மார்க் இருக்கிறதே!" இருக்கட்டும். அசல் சீட்டேயானாலும் இழை பட்டு என்று மட்டும்தான் அது சொல்லும். காஞ்சியில் நெய்ததா, கைத்தறியா, ஜரிகையில் வெள்ளி உண்டா என்றெல்லாம் வாய் திறக்காது. 2005-இல் கிடைத்த புவிசார் குறியீடோ, விளம்பரத்தில் ஒட்ட இன்னொரு படமாகப் பயன்படுகிறது. அசல் ஜரிகையைக் கீறினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். கூரியரில் வந்ததைக் கீறினால் வெள்ளை வெளேரென்று பாலியெஸ்டர் பல்லை இளிக்கும். பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும். இதுவோ உருகி மணியாகத் திரளும். ஆனாலும் புடவையாவது கைக்கு வந்தவர்கள் பாக்கியசாலிகள். முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களுக்குக் கொளுத்தவும் நூல் இல்லை.

விற்பவர்களையும் இந்த ஏமாற்றுத் தொழில் கைவிடுவதில்லை. பாட்டியின் கல்யாணப் புடவையை விற்க விளம்பரம் கொடுத்துப் பாருங்கள், உடனே ஒரு 'ராணுவ வீரர்' பேசுவார். பேரமே பேசமாட்டார், புடவைக்குப் பேரம் பேசாதவனை இந்த ஊரில் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "க்யூஆர் அனுப்பியிருக்கேம்மா, ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க, பணம் வந்துடும்." போட்டால் போய்விடும். பணம் அனுப்பத்தான் பின் நம்பர், வாங்குவதற்கு எதற்கு? இதே ஏமாற்றுக்கு உதவிய, தனிநபர் இன்னொருவரிடம் 'பணம் கேட்கும்' யுபிஐ வசதியை 2025 அக்டோபரில்தான் நிறுத்தினார்கள். யுபிஐ வந்தது 2016-இல். நிதானமாக யோசித்திருக்கிறார்கள்.

பறிகொடுத்தவர் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போட வேண்டும்; தாமதித்தால் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும். எல்லாம் ஏமாந்தவர் வேலைதான். விளம்பரக் காசை வாங்கிப் போட்டுக்கொண்ட கம்பெனி, 'கவனமாக இருங்கள்' என்று பொடி எழுத்தில் போட்டுக் கையைக் கழுவிவிட்டது. சட்டத்துக்கும் குறைவில்லை. கைத்தறிக்கென்று ஒதுக்கிய சேலை ரகங்களை விசைத்தறியில் ஓட்டக் கூடாது என்ற சட்டம் 1985-லிருந்தே இருக்கிறது, பத்திரமாக.

கூட்டுறவுச் சங்கத்தில் நெசவாளி புடவையைக் கொடுத்தால் பட்டையும் ஜரிகையையும் எடை போடுகிறார்கள். பழுது கண்டால் கூலியில் கை வைக்கிறார்கள். பட்டே இல்லாமல் விற்பவனைத் தேடிப்பிடிக்கத்தான் ஆள் இல்லை. இத்தனைக்கும் அவன் நம்பர் விளம்பரத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதிகாரிகள் கூப்பிடலாம். முதல் ரிங்கிலேயே எடுப்பான்: "சொல்லுங்க சார், எத்தனை பீஸ்?"