பாம்பாஸில் குதிரை ஏறுவோர் கவனத்துக்கு

நீங்கள் கிளம்ப வேண்டிய ஆண்டு 1833. பீகிள் கப்பலிலிருந்து இறங்கிய சார்லஸ் டார்வின் என்ற 24 வயதுக்காரர், அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்காவிலிருந்து புவெனஸ் அயர்ஸ் வரை சுமார் 640 கிலோமீட்டரைக் குதிரையில் கடந்தது அந்தச் செப்டம்பரில்தான். வழிநெடுகப் பூர்வகுடிகள்மேல் படையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆகவே குதிரை அப்புறம், முதலில் கடவுச்சீட்டு.

கொலராடோ ஆற்றங்கரை முகாமில் அதைத் தருபவர் அந்தப் படையெடுப்பை நடத்தும் ஜெனரல் ரோசாஸ். மனிதர் முகத்தில் சிரிப்பே இல்லையே என்று வாடாதீர்கள். அவர் சிரித்தால்தான் யாருக்கும் தப்பிப்பில்லை என்று, அவரிடம் அடிபட்ட அவருடைய கோமாளியே டார்வினிடம் சொல்லியிருக்கிறான்.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழி பறிக்கும் வேலை குதிரைக்கு மிச்சம். முயலைவிடப் பெரிய விஸ்காச்சா என்ற கொறிவிலங்கு இந்தப் பாம்பாஸ் சமவெளியெங்கும் வளை தோண்டி வைத்திருக்கிறது. எலும்பு, கல், காய்ந்த சாணம் என்று கண்டதையெல்லாம் இழுத்துவந்து வளைவாயில் குவிப்பது அதன் பழக்கம். இரவுப் பயணத்தில் கடிகாரத்தைத் தவறவிட்ட ஒருவர், மறுநாள் ஒவ்வொரு வளைவாயாகத் துழாவி அதை மீட்டாராம். எனவே விழுந்தால், எழும்போது பையையும் தடவிப் பாருங்கள்.

சாப்பாடு இறைச்சி. தொட்டுக்கொள்ளவும் அதுவே. சைவர்கள் மாத்தே இலைக் கஷாயத்தைக் குழல் வைத்து உறிஞ்சலாம். தட்டில் இருப்பது என்ன என்று ஆராயக் கூடாது. பிறக்காத கன்றோ என்று நடுங்கியபடி தின்ற டார்வினிடம், அது பூமா என்ற பெரும்பூனை என்றார்கள். பூமா என்று கேட்டு ‘அப்பாடா’ என்றிருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

படுக்கை தேடி அலைய வேண்டாம். பகலில் உட்கார்ந்துவந்த சேணத்தையே பிரித்து விரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே குதிரையேறி மாடு மேய்க்கும் கவுச்சோக்களைப் பார்த்து, விலங்கைப் பிடிக்கக் கயிற்றில் குண்டு கட்டிய போலாஸை மட்டும் சுழற்றிவிடாதீர்கள். உருகுவேயில் டார்வின் சுழற்றினார். ஒரு குண்டு புதரில் பட்டு விழுந்து அவருடைய குதிரையின் பின்னங்காலையே சுற்றிக்கொண்டது. பழகிய குதிரை; உதைக்காமல் நின்றுவிட்டது. தன்னைத் தானே பிடித்துக்கொண்ட மனிதனை இப்போதுதான் பார்க்கிறோம் என்று கவுச்சோக்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கடவுச்சீட்டைத் தந்தவர் பெயரைக் கடைசிவரை மறக்காதீர்கள். அக்டோபரில் சாந்தா ஃபே பக்கமிருந்து படகில் திரும்பிய டார்வின், புவெனஸ் அயர்ஸைக் கலகக்காரர்கள் முற்றுகையிட்டிருக்கக் கண்டார். ரோசாஸின் பெயரைச் சொன்னதும் உள்ளே போக அனுமதி கிடைத்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: கரையிறங்கியபின் ஏறிவந்த குதிரைகளை வெளியே விட்டுவிட வேண்டும்.