காலி டிரைவைக் கேள்வி கேட்பது குறித்து ஓர் ஆய்வு

சிடி டிரைவுக்குள் சிடி இல்லை. ஆனாலும் சில கணினிகளில் அதன் விளக்கு இரண்டு வினாடிக்கு ஒருமுறை மினுக்கென்று எரிந்து அணைகிறது. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வைத்தியம், "பின்னணியில் ஏதோ ஓடுகிறது, அதை நிறுத்து" என்பதே. அந்தத் தீர்ப்பின் மீது இக்கட்டுரை மேல்முறையீடு செய்கிறது. 'சிடி வந்ததா' என்று ஓயாமல் கேட்கும் பின்னணிச் சேவை நிரபராதி. தட்டு வந்ததை வாய் திறந்து சொல்லாத டிரைவே முதல் குற்றவாளி என்பது நம் கருதுகோள்.

சான்றுகளில் மூத்தது 1985இல் வந்த கமடோர் அமிகா கணினி. பிளாப்பி போடாத நேரத்தில் அதன் டிரைவ் விட்டு விட்டு 'டிக்' என்று ஒலிக்கும். அதற்குப் பேய் பிடித்துவிட்டதென்று எவரேனும் மந்திரித்திருந்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. தட்டு மாறியதைக் காட்ட அந்தக் காலப் பிளாப்பி டிரைவில் ஒரு கம்பி உண்டு. தட்டை வெளியே எடுத்ததும் அது 'மாறிவிட்டது' என்று காட்டும். புதுத் தட்டு உள்ளே போன பிறகும் அதையே காட்டிக்கொண்டிருக்கும். படிக்கும் தலையை ஓர் எட்டு நகர்த்தினால்தான் உண்மை வெளிப்படும். அமிகா நகர்த்திப் பார்த்தது. அதுதான் அந்த 'டிக்'. ஒலியை அடக்க வந்த 'நோகிளிக்' நிரல்கள், தலை ஏற்கெனவே முட்டி நிற்கும் திசையிலேயே அதை நகரச் சொல்லிச் சமாளித்தன. அதன் பிறகு டிரைவ் ஊமையானது, விசாரணை மட்டும் தொடர்ந்தது.

லினக்ஸின் வரலாறும் இதே ரகம்தான். ஹால் என்ற சேவையின் துணை நிரல் சிடி டிரைவை இரண்டு வினாடிக்கு ஒருமுறை விசாரித்துவந்தது. 2007இல் இன்டெல் வெளியிட்ட பவர்டாப் கருவி, மடிக்கணினியின் பேட்டரியைத் தின்பவர்களில் ஒருவராக ஹாலையும் பிடித்துக் கொடுத்தது. விசாரணையை நிறுத்தும் கட்டளையையும் கையோடு எழுதிக் காட்டியது. ஹால் பின்னர் ஓய்வு பெற்றது. 2011இல் வெளியான 2.6.38 கர்னலில், அதாவது லினக்ஸின் கருப்பகுதியில், நிரலாளர் டெஜுன் ஹியோ இந்த வேலையைக் கர்னலுக்குள்ளேயே கொண்டுவந்தார். இடைவெளியை நிர்ணயிக்கும் பொறுப்பு, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் சேவையின் விதிக்கு வந்தது. அது எழுதிவைத்த எண் 2000 மில்லிவினாடி, அதாவது பழைய அதே இரண்டு வினாடி. ஆட்சி மாறியும் கேள்வி மாறவில்லை என்றால் கோளாறு ஆட்சியில் இல்லை என்றுதானே அர்த்தம்?

பூர்வபட்சத்தார் இங்கே கை உயர்த்துவார்கள்: கேட்பதையே அடியோடு நிறுத்திவிட்டால் என்ன? நிறுத்தலாம். அப்புறம் சிடியைப் போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் கடற்பாலத்தின் கேமரா படத்தைக் காலையில் பலமுறை திறந்து பார்க்கிறார். "இப்போது நெரிசல் இல்லை, கிளம்பி வா" என்று பாலம் ஆள் அனுப்புவதில்லை. அவரும், டிரைவைக் கேட்கும் சேவையும் வேறு என்னதான் செய்ய முடியும்? டிரைவை இணைக்கும் சாட்டா தரத்தில், தட்டு வந்ததைத் தானாகச் சொல்லும் வசதி பிற்பாடு சேர்க்கப்பட்டது உண்மைதான். அந்த வசதியுள்ள டிரைவை ஓயாமல் கேட்க வேண்டிய தேவையில்லை. நம் கருதுகோளுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது: ஒரு மினுக்குக்கு ஓர் ஆய்வா? இதற்கு விடை ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்துச் செடெனாக்கில் இருக்கிறது. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்த பிறகு, ஜொகூரில் அவை வரிசையாக எழும்பின. அங்குள்ள சர்வர்களுக்குச் சிடியைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்போகிறவர் யாருமில்லை. ஆனால் சர்வரைத் தொலைவிலிருந்து பராமரிக்கும் சில்லு, மெய்நிகர் சிடி டிரைவ் ஒன்றைக் காட்டக்கூடும். சர்வரின் மேல் ஓடும் மெய்நிகர் கணினிகளிலும் ஆளுக்கொரு காலி டிரைவ் இருக்கலாம். யூடெவ் விதி அப்படியே இருந்தால், ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு நாளைக்கு 43,200 கேள்விகள். ஆண்டுக்கு ஒரு கோடியே 57 லட்சத்துக்கு மேல். பதில் ஒவ்வொரு தடவையும் 'இல்லை'. மெய்நிகர் கணினி கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அடியிலுள்ள அசல் கணினி தன் வேலையை விட்டு எழுந்து வர வேண்டும். ஒரு கேள்வியின் செலவு அற்பம்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வரவே வராத ஒன்றுக்காக ஜொகூர் வெயிலில் குளிரூட்டியை ஓட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

எனவே வைத்தியத்தின் வரிசையை மாற்ற வேண்டும். சேவையைக் கொல்லும் முன், எந்த டிரைவ் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். கர்னல் ஒவ்வொரு டிரைவுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது: −1 என்றால் பொது வழக்கப்படி, 0 என்றால் கேட்காதே. சிடி டிரைவ் அல்லாமல், தூங்கும் வெளி வன்வட்டை அரை மணிக்கொருமுறை எழுப்புவது வேறு ஆசாமியாக இருக்கலாம். வட்டின் உடல்நலம் பார்க்கும் ஸ்மார்ட்டி (smartd) சேவையின் வழக்கமான இடைவெளி 1800 வினாடி. தூங்கும் வட்டை எழுப்பாதே என்று அதற்குத் தனியாகச் சொல்லிவைக்க முடியும். செடெனாக்கிலும் இஸ்கண்டார் புத்ரியிலும் சர்வர் நிறுவும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: நிறுவி முடித்த கையோடு மெய்நிகர் சிடி டிரைவைக் கழற்றிவிடுங்கள், கழற்ற வழியில்லையென்றால் அந்த ஒரு டிரைவுக்கு மட்டும் 0 போடுங்கள்.