ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டுவது எப்படி?

புல்லட் 350 சென்னையில் உருவாகத் தொடங்கியது 1955-இல். 2020-இல் பி.எஸ். 6 புகை விதி வந்து பெட்ரோலைக் கம்ப்யூட்டர் கையில் ஒப்படைக்கும்வரை, அந்த வண்டி கார்புரேட்டரை நம்பித்தான் ஓடியது. முதலில் இங்கிலாந்தின் அமல், பிற்பாடு மிக்கார்ப். அப்பாவோ மாமனாரோ விட்டுப்போன அப்படியொரு வண்டி உங்கள் வீட்டு வாசலிலும் நிற்கலாம். உதைத்தால் ஸ்டார்ட் ஆகாது. ஆனாலும் சிக்னல்வரை வந்து சரியாகப் பேருந்துக்கு முன்னால் அணைந்துவிடும்.

தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். அதனாலேயே அவரிடம் போகக்கூடாது. கீழ்க்கண்ட படிகளை வரிசை பிசகாமல் பின்பற்றவும்.

படி 1: காரணத்தைத் தேடாதீர்கள்

கோளாறு கார்புரேட்டரில்தான் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். "பத்து கார்புரேட்டர் கம்ப்ளெயின்ட்டில் ஒன்பது கரன்ட் கம்ப்ளெயின்ட்" என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். காதில் வாங்க வேண்டாம். கண்டென்சர் போன வண்டியும் ஜெட் அடைத்த வண்டியும் ஒரே மாதிரிதான் இருமும். கரன்ட்டை வெட்டிவிடும் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்தால் காலை ஒன்பதே காலுக்கு வண்டி ஓடிவிடும் அபாயம் உண்டு. மீதி ஞாயிறை என்ன செய்வீர்கள்?

கார்புரேட்டரின் சிறப்பே அது கண்ணுக்கு எதிரில் இருப்பதுதான். இரண்டு நட்டைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். மனிதன் கழற்ற முடிந்ததைத்தான் சந்தேகப்படுவான்.

படி 2: தேவையான பொருட்கள்

ஒரு திருப்புளி, திருகின் தலைக்குச் சற்றுப் பொருந்தாததாக இருப்பது உத்தமம். ஒரு குறடு. பழைய பல்துலக்கி. அரை லிட்டர் பெட்ரோல். கழற்றிய சாமான்களை வரிசையாக வைக்க ஓர் இட்லித் தட்டு. இதைவிட நல்ல ஏற்பாடு எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடையாது: ஒரு குழியில் மெயின் ஜெட், அடுத்ததில் பைலட் ஜெட், அதற்கடுத்ததில் ஃப்ளோட் ஊசி. மறுநாள் காலை வீட்டில் எல்லோரும் இட்லியை முகர்ந்து பார்த்துவிட்டு உங்களைப் பார்ப்பார்கள். அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருக்கவும்.

பெட்ரோல் வேலையைப் பூஜையறை விளக்குக்கு அருகில் செய்ய வேண்டாம். இந்தக் கட்டுரையில் விளையாட்டாகச் சொல்லாத வரி இது ஒன்றுதான்.

படி 3: கழற்றுதல்

பெட்ரோல் காக்கை மூடுங்கள். மூடிய பிறகும் சொட்டும். பழைய வண்டியில் அது வழக்கம். அடிக்கிண்ணத்தின் திருகுகளில் முதல் மூன்றும் சமர்த்தாக வந்துவிடும். நான்காவது மட்டும் வராது. அழுத்தித் திருப்புங்கள். அதன் தலையிலிருக்கும் கூட்டல் குறி தேய்ந்து மெல்ல வட்டமாகும்.

கிண்ணத்தைத் திறந்தால் அடியில் காப்பி நிறத்தில் கொஞ்சம் வண்டல், அதற்குள் உருண்டோடும் சில நீர்த்துளிகள். டேங்கின் துருவும், எத்தனால் கலந்த பெட்ரோல் இழுத்துச் சேர்த்த ஈரமும் அது. "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!" என்று வீட்டுக்குள் குரல் கொடுக்கவும். டேங்கைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அடுத்த மாதமும் இதே வண்டல் சேரும், இதே குரலைக் கொடுக்கலாம்.

படி 4: கிளிப் பறக்கவிடுதல்

மேல்மூடியைத் திருகினால் ஸ்பிரிங்கும் ஸ்லைடும் நீளமான ஊசியும் கேபிளோடு வெளியே வரும். ஊசியின் தலைப்பக்கம் ஐந்து காடிகள். நடுக்காடியில் அரிசி அளவுக்கு ஒரு கிளிப். அதை மேல்காடிக்கு மாற்றினால் ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும். கீழ்க்காடிக்கு மாற்றினால் ஊசி ஏறும், பெட்ரோல் கூடும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மாற்றாமல் இருக்க யாராலும் முடியாது. குறட்டால் லேசாக நெம்பவும். கிளிப் பறப்பது கண்ணுக்குத் தெரியாது. எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அது கேட்ட திசையில் தேடுவது வீண். அடுத்த முக்கால் மணி நேரம் தரையில் குப்புறப்படுத்திருப்பீர்கள். 2011-இல் தொலைந்த பேனா மூடி கிடைக்கும்.

படி 5: ஜெட்டைக் கெடுத்தல்

பைலட் ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். பித்தளைக்கு நடுவே ஊசிமுனை அளவு வெளிச்சம், முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் கார்புரேட்டர் கிளீனரில் ஊறப்போட்டுக் காற்றடித்தாலே போதும். ஆனால் கையில் சேஃப்டி பின் இருக்கும்போது பொறுமைக்கு ஏது இடம்? குத்துங்கள். பித்தளை மெத்து, இரும்பு கெட்டி; துளை உங்கள் விருப்பம்போலப் பெரிதாகும். ஜெட்டின் மேல் பொறித்த எண் அந்த நொடியிலிருந்து பொய். இனி யார் எந்தக் கணக்குப் போட்டு ட்யூன் செய்தாலும் வண்டி பெட்ரோல் குடிக்கும்.

பிறகு சென்னையில் வண்டிச் சாமான் கடைகள் வரிசைகட்டும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய் ரிப்பேர் கிட் கேளுங்கள். "ஒரிஜினலா, கம்பெனி ஒரிஜினலா சார்?" என்று கடைக்காரர் கேட்பார். வித்தியாசம் கேட்காதீர்கள். விலை சொன்னதும் தெரிந்துவிடும்.

படி 6: மாட்டுதல்

ஸ்லைடின் அடியில் ஒரு பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் எஞ்சினைப் பார்த்தபடி மாட்டலாம். ஸ்லைடு முழுதாக இறங்காது. வண்டி ஸ்டார்ட் ஆன நொடியிலேயே தெருவையே எழுப்பும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருடைய மதியத் தூக்கமாவது கலைந்தால்தான் இந்தப் படி நிறைவேறியதாகப் பொருள்.

எஞ்சினோடு சேர்க்கும் இரண்டு நட்டுகளையும் மூச்சைப் பிடித்து முறுக்குங்கள். ஃப்ளாஞ்ச் நடுவில் வளையும். அந்த இடுக்கு வழியே திருட்டுக்காற்று உள்ளே போகும். அதன்பின் எந்தத் திருகைத் திருப்பினாலும் ஐட்லிங் நிற்காது. சமதளக் கண்ணாடிமேல் ஃப்ளாஞ்சை வைத்துப் பார்த்தால் இந்த வளைவு பளிச்சென்று தெரியும். கண்ணாடியை எடுக்காதீர்கள்.

படி 7: ட்யூனிங்

இதற்கு நாலு பேர் வேண்டும். தேட வேண்டாம், கேட்டுக்கு வெளியே தானாகவே வந்து நிற்பார்கள்.

குறுகலான வழியில் பாயும்போது அழுத்தம் குறையும் என்று இத்தாலியர் வென்ச்சூரி 1797-இல் எழுதினார். கார்புரேட்டரின் மொத்த ரகசியமும் அவ்வளவுதான்: எஞ்சின் காற்றை இழுக்கிறது, காற்று பெட்ரோலை இழுக்கிறது. ஆக்ஸிலேட்டரை எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், கால் பங்குவரை ஸ்லைடின் வெட்டு, முக்கால்வரை ஊசி, அதற்குமேல் மெயின் ஜெட் என்று வேலையைப் பங்கு பிரித்துக்கொள்ளும். ஆகவே ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொட வேண்டும்.

கேட்டில் நிற்பவர்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

"தம்பி, ஏரைக் கொஞ்சம் தொறந்து விடு" என்பார் ரிட்டயர்டு பெரியவர்.

"வேணாம்ண்ணே, ஜெட்டை ஒரு நம்பர் ஏத்துங்க" என்பான் டெலிவரி பையன்.

இருவர் பேச்சையும் கேளுங்கள். கூடவே ஊசியையும் ஏற்றுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால், வண்டி சரியானாலும் எதனால் என்று தெரியாது. கெட்டாலும் எதனால் என்று தெரியாது. அடுத்த ஞாயிறுக்கும் வேலை உறுதி.

எஞ்சின் சூடான பிறகு ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தைத் தேட வேண்டும் என்பது முறை. நீங்கள் ஐட்லிங் ஸ்க்ரூவை மட்டும் குறைத்துக்கொண்டே போங்கள். 'டுக்... டுக்...' என்று ஒவ்வோர் அடியையும் எண்ணும்படி ஓடினால் பெரியவர் கண்கலங்குவார், பையன் வீடியோ எடுப்பான். எண்ணெய் பம்ப்பும் எஞ்சினோடுதான் சுற்றுகிறது, இந்த வேகத்தில் ராக்கருக்கு எண்ணெய் சரியாகப் போகாது என்பதெல்லாம் வீடியோவில் தெரியாது.

படி 8: பிளக் ஜோசியம்

பிளக்கைக் கழற்றி எல்லோருக்கும் காட்டுங்கள். வெளுத்திருந்தால் காற்று அதிகம். காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். இளம் பழுப்பென்றால் சரியான கலவை. எண்ணெய்ப் பிசுக்கோடு பளபளத்தால் ரிங் போயிருக்கலாம். அதற்குக் கார்புரேட்டர் எந்த விதத்திலும் பொறுப்பல்ல. இந்தக் கடைசி விஷயத்தைச் சபையில் சொல்ல வேண்டாம். எஞ்சினைப் பிரிக்கவும் ஆள் திரண்டுவிடும்.

படி 9: சோதனை ஓட்டம்

அந்தி சாய்ந்ததும் கிளம்புங்கள். வண்டி கம்பீரமாகப் போகும். ஏழெட்டு கிலோமீட்டரில், ஆளில்லாத இடமாகப் பார்த்து இருமி நிற்கும். உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்த பிறகு, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறப்பீர்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும். அடுத்த உதையில் வண்டி கிளம்பிவிடும்.

டேங்க் மூடியில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு. போன வாரம் மூடியை நீங்கள் பளபளப்பாக்கியபோது பாலிஷ் அதை அடைத்துவிட்டது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. காலையிலிருந்து உங்கள் வண்டிக்கு இருந்த வியாதி இது ஒன்றுதான். ஒரு குண்டூசியும் பத்து விநாடியும் போதும்.

வழியிலேயே குத்திவிட்டு, மூடியை மூடிக்கொண்டு வீடு திரும்புங்கள். பெரியவரும் பையனும் கேட்டிலேயே காத்திருப்பார்கள். "என்னதான் கோளாறு?" என்று கேட்டால், "ஜெட்தான்" என்று சொல்லிவிடுங்கள்.