எதற்கும் இருக்கட்டும்!
(சைக்கிள் ஆம்புலன்ஸில் சேர்ந்திருக்கும் புதியவருக்கு ஒரு அனுபவசாலியின் அறிவுரை)

லண்டன் வெஸ்ட் எண்டில் ஆம்புலன்ஸ் வேன் நெரிசலில் ஊளையிட்டுக்கொண்டு நிற்கும். சந்துக்குள் புகுந்து சைக்கிளில் போய்ச் சேர்ந்துவிடலாமே என்று 2000இல் செய்து காட்டினார் பாராமெடிக் டாம் லிஞ்ச். மனிதர் முன்னாள் பி.எம்.எக்ஸ். சைக்கிள் பந்தய வீரர். அந்த முறை பிறகு ஹீத்ரோ விமான நிலையம் வரை போனது. இந்தச் சைக்கிளில் நீல விளக்கு உண்டு, சைரன் உண்டு. ஓட்டுவது கால் வேலை, அதைச் சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள். பை கட்டுவதை நான் சொல்லித் தருகிறேன்.

1. முதலில் மந்திரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்: "எதற்கும் இருக்கட்டும்." நம் வீட்டில் திருப்பதிக்குப் பெட்டி கட்டும்போது அம்மா சொல்வாரே, அதேதான். பத்துச் சுருள் பேண்டேஜ், எதற்கும் இருக்கட்டும். இன்னொரு பத்து, அதற்கும் இருக்கட்டும். மேட்டில் மூச்சு வாங்கினால் கவலை வேண்டாம், ஆக்ஸிஜன் உங்களிடமே இருக்கிறது.

2. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் விலை உயர்ந்த சாமான். அடியில் வையுங்கள். அதன் மேல் பேண்டேஜ், அதன் மேல் மழைக்கோட்டு, உச்சியில் சாப்பாட்டு டப்பா. இதயம் நின்றவருக்கு ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பார்கள். குறையட்டும், டப்பா நசுங்கக் கூடாது.

3. டிஃபிப்ரிலேட்டரின் ஒட்டுப் பட்டைகளோடு ஒரு ஷேவிங் ரேஸரும் சின்னத் துண்டும் வைத்திருப்பார்கள். யாரோ மறந்து விட்டுப்போனது என்று எண்ணி எடுத்துவிடுங்கள். மயிரடர்ந்த மார்பிலும் வியர்த்த மார்பிலும் பட்டை ஒட்டாது என்பது அங்கே போன பிறகுதானே தெரியப்போகிறது! பட்டை உறையில் காலாவதித் தேதி போட்டிருக்கும். நல்ல நாள் பார்த்துப் படிக்கலாம்.

4. எல்லாப் பைகளும் ஒரே நிறம், ஒரே அளவு. மூச்சுக்கு ஒன்று, ரத்தப்போக்குக்கு ஒன்று என்று நிறம் பிரிப்பவர்கள் இருட்டிலும் கை தானாகப் போக வேண்டும் என்பார்கள். கண் எதற்கு இருக்கிறது? கனமானதை எல்லாம் இடப்பக்கப் பையிலேயே போடுங்கள். இடப்பக்கம் திரும்ப ஹேண்டிலைத் தொடவே வேண்டாம்.

5. வழியில் செயின் கழன்றால் மாட்டிவிட்டு, அதே கையால் ஆக்ஸிஜன் சிலிண்டரின் வால்வைத் திறங்கள். அழுத்தத்தில் வரும் ஆக்ஸிஜன் எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றவைக்கக்கூடும் என்று பயிற்சியில் மிரட்டியிருப்பார்கள். சிலிண்டர் 460 லிட்டர், நிமிடத்துக்கு 15 லிட்டர் திறந்தால் அரை மணி நேரம். இவ்வளவு கணக்குப் போடத் தெரிந்தவர் சிலிண்டரின் அளவுமானி முள்ளைப் பார்ப்பாரா?

6. வலிக்கு மூச்சில் இழுக்கக் கொடுக்கும் என்டோனாக்ஸ் பாதி ஆக்ஸிஜன், பாதி சிரிப்பு வாயு. மைனஸ் 6 டிகிரிக்குக் கீழே போனால் இரண்டும் பிரிந்துகொள்ளும். முதலில் பெரும்பாலும் ஆக்ஸிஜன் வரும், வலி போகாது. கடைசியில் பெரும்பாலும் சிரிப்பு வாயு வரும், மூச்சுக்கே ஆபத்து. ஆகவே உறைபனி இரவில் சைக்கிளை வெளியிலேயே நிறுத்துங்கள்.

7. சர்க்கரை இறங்கி மயங்குபவருக்கான குளுக்கோஸ் ஜெல்லை மாலை நாலு மணிக்கு நீங்களே சாப்பிடலாம். நெஞ்சு வலிக்காரருக்கு மெல்லக் கொடுக்கும் 300 மில்லிகிராம் ஆஸ்பிரின், இந்தப் பையைச் சுமந்து வரும் உங்கள் தலைவலிக்கு. எடுத்த இடத்தை நிரப்பாதீர்கள். அடுத்த ஷிப்ட்டுக்காரருக்கும் வேலை வேண்டும்.

8. ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஒருவர் விழுந்து கிடக்கிறார், மூச்சில்லை. பையைத் திறங்கள். டப்பாவை ஓரமாக வையுங்கள், மழைக்கோட்டை மடியுங்கள், இருபது பேண்டேஜையும் நடைபாதையில் அடுக்குங்கள். இதற்குள் கடைக்காரப் பெண் ஒருத்தி மண்டியிட்டு, இரண்டு கையையும் கோத்து அவர் நெஞ்சில் வைத்து, ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு நூற்றிருபது தடவை அழுத்த ஆரம்பித்திருப்பாள். அவளிடம் பை கிடையாது.

நீங்கள் இன்னும் அடியில் துழாவிக்கொண்டிருப்பீர்கள். அப்போது மூடியின் உட்புறம் ஒட்டிய ஒரு காகிதம் கண்ணில் படும். எது மேலே, எது கீழே, காலையில் எதைச் சரிபார்ப்பது என்று வரிசையாக எழுதியிருக்கும்.

கிழித்துவிடாதீர்கள். எதற்கும் இருக்கட்டும்.